குடோனுக்குள் ஒரு டீசல் வண்டி

இந்தத் தடவை லீவில் ஊருக்கு வந்து பல நாள் ஆகியும் எனக்கு எதுவுமே உறைக்கவில்லை. விமானத்தை விட்டு இறங்கியதும் மண் வாசனை வந்து முகத்தில் மோதும், கண் கலங்கிவிடும் என்று வளைகுடாவில் என்னோடு அறையில் இருந்தவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். எனக்கு ஒன்றும் மோதவில்லை. திருச்சியிலிருந்து காரில் வந்தேன். வழியெல்லாம் குறுவை அறுப்பு. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று வெகுதூரம் வழி விடாமல் முன்னாலேயே போனது. பார்த்துக்கொண்டே வந்தேன், அவ்வளவுதான்.

வீட்டில் மனைவி விரால் மீன் குழம்பு வைத்திருந்தாள். "எப்படிங்க இருக்கு?" என்றாள். "நல்லா இருக்கு" என்றேன். புளித்தது, காரமாக இருந்தது. அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. அவள் முகம் கொஞ்சம் வாடியது. மகள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். போனில் வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை. நேரில் அப்பா என்று கூப்பிட அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது.

மனம் மரத்துவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். துறைமுகத்துக் கிடங்கில் அத்தனை வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன். கன்டெய்னருக்குள் நுழைவது, பலகையோடு சரக்கைத் தூக்குவது, பின்னால் வருவது, மறுபடி நுழைவது. வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே டீசல் புகை சுற்றிச் சுற்றி நிற்கும். முகாமில் சாப்பாடு ஒன்றும் ருசிக்காது. யாருக்குமே ருசிக்காது என்று நினைத்திருந்தேன். அப்படியே இருந்து பழகினவனுக்கு ஊர் வந்ததும் எல்லாம் பொங்கி வழியுமா என்ன? வழியவில்லை. விட்டுவிட்டேன்.

ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போகாவிட்டால் விசா செத்துவிடும். மனைவி அதைப் பற்றி ஒரே ஒருமுறைதான் பேசினாள். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "இங்கயே ஒரு வேலை கெடச்சா போவாதீங்க" என்றாள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. கேட்காமல் இருப்பவளிடம் எப்படிப் பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வேலை தானாகவே வந்தது. திருப்பனந்தாள் போகிற சாலையில் ஒரு ரைஸ்மில். முதலாளியை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். அவருடைய மகன்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். மில்லில் மூட்டை தூக்க ஆள் கிடைக்காமல் அவர் தவித்துக்கொண்டிருந்தார். வாலிபத்தில் இருந்தவர்கள் பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும், மீதிப் பேர் என்னைப்போல விமானம் ஏறியும் போய்விட்டார்கள். இருந்தவர்களுக்கு முழங்கால் போய்விட்டது. அவர்களுடைய மேஸ்திரி மூட்டையை முதுகில் வாங்கும்போது போடுகிற சத்தம் ஆபீஸ் வரைக்கும் கேட்கும்.

பாய் என்னை வரச் சொல்லி உட்காரவைத்து டீ கொடுத்தார்.

"தம்பி, ஃபோர்க்லிஃப்ட் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். டீசல் வண்டி, பேட்டரி வண்டி, கேஸ் வண்டின்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. விக்கிறவன் நல்லத மட்டும்தான் சொல்வான். நீங்க ஓட்டுனவரு. சாதகம் பாதகம் ரெண்டையும் சொல்லுங்க."

எனக்கு வாய் திறந்தால் மூடத் தெரியாத விஷயம் உலகத்தில் அது ஒன்றுதான். பேட்டரி வண்டி சத்தம் போடாது, புகை விடாது, கிடங்குக்குள் ஓட்ட அதைப்போல ஒன்று கிடையாது என்றேன். ஆனால் அதற்குத் தரை வழவழவென்று சமமாக இருக்க வேண்டும். பாயின் குடோன் தரையில் நடந்தாலே கால் இடறும். ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற வேண்டும். எங்கள் ஊர் கரண்டை நம்பி அரிக்கேன் விளக்கைக்கூட யாரும் தூக்கிப் போடவில்லை. மழையில் நனையவும் கூடாது. கேஸ் வண்டி இரண்டுக்கும் நடுவில். புகை குறைவு. ஆனால் வீட்டுச் சமையல் சிலிண்டருக்கே பதிவு செய்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஊரில், வண்டிக்கு எங்கே போய் சிலிண்டர் மாற்றுவது?

"அப்ப டீசலா?" என்றார் பாய்.

"டீசல் முரட்டு வண்டி பாய். சேத்துல ஏறும், சரிவுல ஏறும், மழையப் பத்திக் கவலப்படாது. டேங்க்க ரொப்புனா நாள் பூரா ஓடும். எந்த மெக்கானிக்கும் கை வச்சிடுவான். ஆனா சத்தம் காத அடைக்கும். உடம்ப உலுக்கி எடுத்துடும். எல்லாத்துக்கும் மேல பொகை. அங்க சாப்பாட்டுச் சாமான் இருக்குற கிடங்குல டீசல் வண்டிய உள்ள விடவே மாட்டான். வெளி வேலைக்கு மட்டும்தான்."

பாய் தாடியைத் தடவிக்கொண்டார். "ஷட்டர் ரெண்டு பக்கமும் தெறந்திருந்தா?"

"காத்து ஓடுனா பரவால்ல."

"அப்ப ஒரு சீசன் வச்சுப் பாப்போம். பொகை வாடை வந்தா நிறுத்திடுங்க. நீங்கதான் வண்டியிலயே இருக்கீங்களே, உங்களுக்குத் தெரியாமயா போயிடும்?" என்றார். பிறகு, "நல்லா ஓடுச்சுன்னா நீங்க இங்கயே நில்லுங்க. நெரந்தரமா. எத்தன நாளைக்கு அந்த ஒட்டகத்து ஊருல கெடப்பீங்க?" என்று சிரித்தார்.

வீட்டில் இதைச் சொன்னதும் மனைவி அடுப்படிக்குள் போய்விட்டாள். கொஞ்சம் கழித்து வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. வெங்காயம் நறுக்கினேன் என்றாள். மறுநாளே அக்கம்பக்கத்தில் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டாள். எனக்கும் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருந்ததா என்று கேட்டால், தெரியாது.

திருச்சியில் ஒரு வியாபாரியிடமிருந்து வண்டி வந்தது. ஏதோ துறைமுகத்தில் உழைத்துக் களைத்த வண்டி. பெயின்ட் மட்டும் புதுசு. பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் வாடகையைக் கொடுத்துத் திருப்பி அனுப்பலாம் என்பது பேச்சு. லாரியிலிருந்து நான்தான் இறக்கினேன். மில்லே வேடிக்கை பார்த்தது. மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதை அங்கே அட்டி போடுவது என்பார்கள். கூரைக்குப் பக்கத்தில் அட்டி போடுவதற்குப் பலகையைச் சாய்த்து, அதில் ஏறி ஏறித்தான் பழக்கம். நான் ஒரே தூக்கில் கொண்டுபோய் உச்சியில் வைத்தேன். மேஸ்திரி கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"இத இருபது வருசத்துக்கு முன்னாடியே கொண்டாந்திருக்கக் கூடாதா?" என்றார்.

அவருக்கு வேலை போய்விடும் என்று நான் பயந்திருந்தேன். பாய் அவரையும் மற்றவர்களையும் சாக்கு தைக்கவும் எடை பார்க்கவும் உட்காரவைத்தார். மேஸ்திரி என்னை எங்கே பார்த்தாலும் கும்பிட ஆரம்பித்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

புரட்டாசி முழுக்க நன்றாக ஓடியது. ஷட்டர்கள் திறந்திருந்தன. ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. டெல்டாவில் ஐப்பசி மழை என்றால் விட்டு விட்டுப் பெய்வது கிடையாது. வாய்க்கால் எது, வயல் எது என்று தெரியாத மழை. ஈரக்காற்று உள்ளே வந்தால் அரிசி பூத்துவிடும். அதனால் கிழக்குப் பக்கத்து ஷட்டரை இறக்கினோம். பிறகு சாரல் திரும்பி அடித்தது. அடுத்ததையும் பாதி இறக்கினோம். லாரிகள் வாசலில் நின்றன, வேலையை நிறுத்த முடியாது. நான் உள்ளேயே ஓட்டினேன். லோடுமேன்களில் ஒருவர் கண் எரிகிறது என்றார். பாய்லருக்கு உமி எரிக்கிற மில்லில் கண் எரியாத ஆள் யார்? வண்டி என்றால் ஒரு வாடை இருக்கத்தான் செய்யும் என்று மற்றவர்களும் இருந்துவிட்டார்கள். பாய் ஒவ்வொரு நாளும் ஷட்டருக்கு வெளியே குடையோடு நின்று கேட்பார்.

"வாடை கீடை வருதா தம்பி?"

நான் நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல பாய்" என்பேன். உண்மையாகவே ஒன்றும் இல்லை.

அந்த வருஷம் ரம்ஜான் நோன்பு அந்த மழையில்தான் வந்தது. மில்லுக்குப் பக்கத்துப் பள்ளிவாசலுக்கு நோன்புக் கஞ்சி அரிசி பாய் வீட்டிலிருந்துதான் போகும். அவருடைய அத்தா காலத்திலிருந்து அப்படி. கொடுத்திருந்த பழைய அரிசி தீர்ந்து, குடோனிலிருந்து புதுப் பச்சரிசி மூட்டை ஒன்று அன்றைக்குத்தான் போயிற்று. சாயங்காலம் விறகு கொண்டுபோய் இறக்கச் சொன்னார். இறக்கிவிட்டுப் போர்டிகோவில் சட்டையைப் பிழிந்துகொண்டு நின்றேன்.

கஞ்சி காய்ச்சுகிறவர், உதவிக்கு நிற்கிறவர்கள், எல்லாரும் நோன்பு. நாக்கில் ஒரு சொட்டுக்கூட வைத்துப் பார்க்க மாட்டார்கள். கைக்கணக்கில் போடுவார்கள். உப்பு மட்டும் சந்தேகம் என்றால் வழியில் போகிற நோன்பில்லாத ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வார்கள். வழக்கமாக எதிரே பூக்கடை போட்டிருப்பவர் பார்ப்பார். மழைக்கு அவர் கடை போடவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். ஈர விறகை மண்ணெண்ணெய் ஊற்றித்தான் பற்றவைக்க வேண்டியிருந்தது, அதனால் அடுப்படியே நெடி அடிக்கிறது என்று காய்ச்சுகிறவர் குறைபட்டுக்கொண்டார். அகப்பையில் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தார். ஊதிக் குடித்தேன்.

"உப்பு சரியா இருக்கு" என்றேன்.

பாங்கு சொன்னதும் எல்லாரும் பேரீச்சம்பழம் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்கள். பிறகு கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்து ஓரமாக உட்காரச் சொன்னார்கள். மழைக்குச் சூடாக, இதமாக இருந்தது. குடித்தேன். சுற்றிலும் பேச்சு நின்றுபோயிருந்தது. நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவர்கள், களைப்பு என்று நினைத்தேன். ஒவ்வொரு கிண்ணமாகத் தரையில் இறங்கியது. சாப்பாட்டைக் குறை சொல்வது அவர்களிடத்தில் வழக்கமில்லை. பாய் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் குடித்து முடித்தார்.

நான் கிண்ணத்தை நீட்டி இன்னொரு அகப்பை கேட்டேன்.

ஊற்ற வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பாய் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"தம்பி, உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?"

"என்னது பாய்?"

"டீசல். வாயில வைக்க முடியல."

கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனேன். ஆவி முகத்தில் பட்டது. சூடு தெரிந்தது. மறுபடி ஒரு வாய் குடித்தேன். உப்பு இருந்தது. உப்பு சரியாகத்தான் இருந்தது. பாய் என் தோளில் கை வைத்தார். கோபப்பட்டிருக்கலாம். நோன்பு திறக்கிற நேரத்தில் அவர் வீட்டு அரிசியால் ஒரு பள்ளிவாசலே வாய் கசந்து உட்கார்ந்திருக்கிறது. அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

வீட்டுக்கு வந்தால், மனைவி முன்னாடியே தூக்குவாளியில் கஞ்சி வாங்கி வந்து ஊற்றி வைத்திருந்தாள். எல்லா வீட்டுக்கும் கொடுப்பார்கள். மகள் டம்ளரைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதுல அப்பா சட்ட வாடை அடிக்குதும்மா" என்றாள்.

மனைவி அவளை அதட்டினாள். நான் அடுப்படிக்குப் போனேன். பெருங்காய டப்பாவைத் திறந்தேன். கற்பூரம், மண்ணெண்ணெய்ப் புட்டி, எலுமிச்சை ஊறுகாய், எல்லாவற்றையும் திறந்து திறந்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். வெறும் காற்று. மனைவி நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்ங்க" என்றாள்.

"என்ன தெரியும்?"

"வந்த மறுநாளே பாலு அடிபுடிச்சுத் தீஞ்சு போச்சு. நான் கொல்லையில இருந்து ஓடியாறேன். நீங்க அடுப்புக்குப் பக்கத்துலயே பேப்பர் படிச்சுகிட்டு உக்காந்திருக்கீங்க."

"ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள மில்லு வேலைன்னு வந்துடுச்சு. வண்டி ஓட்டக் கண்ணும் கையும் போதும்னு நெனச்சேன். சொல்லி அது எதாவது கெட்டுப்போச்சுன்னா?"

ஒன்று சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு லேசான ஆறுதல்கூட வந்தது. மரத்தது மனசு இல்லை, மூக்குதான். மண் வாசனை மோதாததற்கும் மீன் குழம்பு ருசிக்காததற்கும் நான் கல்நெஞ்சன் என்பது காரணமில்லை. இதைப் போய் யாரிடம் சொல்வது?

தஞ்சாவூரில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, புகையாக இருக்கலாம், எப்போதோ வந்த காய்ச்சலாக இருக்கலாம், திரும்ப வந்தாலும் வரும் என்றார். வராமலும் போகும் என்பதை நானாகப் புரிந்துகொண்டேன்.

பாய் ஒரு வாரம் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. குடோனில் இருந்த பச்சரிசியைப் பிரித்துப் பார்த்தார்கள். புழுங்கலில் ஊறல் தொட்டி வாடை ஏற்கனவே இருப்பதால் அவ்வளவாகத் தெரியவில்லையாம். பச்சரிசிதான் அத்தனையையும் குடித்திருந்தது. கோழித் தீவனத்துக்குப் போட்டார்கள். பள்ளிவாசலுக்கு வேறு மில்லிலிருந்து அரிசி வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். அதே டீ, அதே நாற்காலி.

"நானும் எல்லா வழியிலயும் யோசிச்சுப் பாத்தேன் தம்பி. களத்துல, வெளியில மட்டும் ஓட்டலாம்னா வருசத்துல பாதி நாளு வண்டிக்கு வேலையே இல்ல. பேட்டரி எடுத்தா மொத்தத் தரையையும் பேத்துப் போடணும். சரி, வண்டி போகட்டும், உங்கள வேற வேலைக்கு வச்சுக்கலாம்னு பாத்தேன்."

டீ கிளாஸை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"இங்க எல்லாமே மூக்குதான். நெல்லு உள்ளுக்குள்ள சூடேறுதான்னு வாடைய வச்சுத்தான் சொல்லணும். தவிடு கெட்டுதா, ஊறல் தண்ணி புளிச்சுதா, பெல்ட்டு தீயுதா, எல்லாம் அதான். நாளைக்கு எதாவது பத்திக்கிட்டா, உள்ள நிக்கிற உங்களுக்கே தெரியாது. நான் எப்புடித் தம்பி உங்கள உள்ள விட்டுட்டு வீட்டுக்குப் போயித் தூங்குவேன்?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். "சரிங்க பாய்" என்று டீயைக் குடித்து முடித்தேன். அது சூடாகவும் இனிப்பாகவும் இருந்தது.

வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். லாரியில் அதை ஏற்றிக் கொடுத்ததும் நான்தான். மேஸ்திரி சக்கரத்துக்குக் கட்டை வைத்தார், கயிறு கட்டினார். பிறகு தலைத்துண்டை உதறி மறுபடி கட்டிக்கொண்டு, முதுகைக் கொடுக்கக் குடோனுக்குள் போனார். கும்பிடவில்லை.

விசாவுக்கு இன்னும் நாள் இருந்தது. கம்பெனிக்கு போன் செய்தேன். அங்கே யாரும் மூக்கைப் பற்றிக் கேட்கவில்லை. டீசல் வண்டிக்கு ஆள் வேண்டும், எப்போது வருகிறாய் என்றார்கள்.

மகள் அதற்குள் என்னோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு நான்தான் சைக்கிளில் கொண்டுபோய் விட வேண்டும். போகப் போகிறேன் என்று சொன்னதும் தலையாட்டினாள். பெரிய மனுஷி மாதிரி, "போன் பண்ணுங்கப்பா" என்றாள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கிளம்புகிற அன்று காலையில் பெட்டி அடுக்கினேன். மனைவி துவைத்து மடித்து எல்லாவற்றையும் கட்டிலில் வைத்திருந்தாள். மில்லுக்குப் போட்டுக்கொண்டு போன நீலச் சட்டை மட்டும் இல்லை. கொடியில் பார்த்தேன், கட்டிலுக்கு அடியில் பார்த்தேன்.

"அதத் தேடாதீங்க. அது இங்க இருக்கட்டும்" என்றாள்.

அலமாரியில் மகளின் துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். சட்டை உள்ளே சுருட்டிக் கிடந்தது. காலரில் அழுக்கு கறுப்பாக இருந்தது.

"தொவைக்கவே இல்லையே?"

"தொவைச்சா போயிடும்ல." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒவ்வொரு வாட்டி லீவு முடிஞ்சு போறப்பவும் ஒண்ணு எடுத்து வச்சுக்குவேன். நீங்கதான் அங்கேருந்து வரப்பவே அந்த வாடையோட வருவீங்களே. புள்ள அழுதுச்சுன்னா கையில குடுத்துடுவேன். மோந்து பாத்துகிட்டே தூங்கிடும்."

பையிலிருந்து சட்டையை எடுத்து முகத்தில் அழுத்தி, முடிந்த மட்டும் மூச்சை இழுத்தேன். துணி சொரசொரவென்று மூக்கில் பட்டது. வேறு எதுவும் வரவில்லை. நான் எப்படி இருப்பேன் என்று என் மகளுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியாது. மூக்குதான் மரத்தது, மனசு இல்லை என்று நினைத்து ஆறுதல்பட்டேனே, அது நிஜம்தான் என்று அன்றைக்கு நன்றாகவே தெரிந்தது. மனசும் சேர்ந்தே மரத்துப்போயிருந்தால் தேவலை என்று இருந்தது.

சட்டையைச் சுருட்டி மறுபடி பையில் போட்டேன். வாசலில் கார் வந்து ஹாரன் அடித்தது.

"காத்து போகாம நல்லா இறுக்கிக் கட்டுங்க" என்றாள் மனைவி.

கட்டிக் கொடுத்தேன்.